நடு ஷாஃப்ட்

"இருக்கறதுலயே கெட்டியான எஃகு எதுங்க அம்மிணி? அதுல எனக்குக் கியர் வெட்டிக் குடுங்க" என்றார் தெய்வசிகாமணி, குட்டியானை வண்டியை விட்டு இறங்கியும் இறங்காமலும்.

கிருத்திகா தலையைத் தூக்கவில்லை. பல் வெட்டும் மெஷினிலேயே கண்ணாக இருந்தாள்.

"எதுக்குங்கண்ணா?"

"எதுக்கா? எம்பட மானம் கப்பலேறுதுங்க, அதுக்கு!"

கோயமுத்தூர் கணபதியில் சந்துக்குச் சந்து கியர் பட்டறை உண்டு. கிருத்திகாவின் பட்டறைக்கு மட்டும் கேள்வியோடும் ஆட்கள் வருவார்கள். பதில் லேசில் கிடைக்காது. தெய்வசிகாமணிக்கு அவள் மகள் வயசு. ஆனாலும் பொள்ளாச்சி முழுக்க அவளை "எங்க வாத்தியாரம்மா" என்றுதான் சொல்லித் திரிவார். கேலியாக ஆரம்பித்தது, போகப் போக நிஜமாகிவிட்டது.

"என்ன ஆச்சுங்க?"

"அந்த வடக்கயிறு மெஷின் இருக்குதில்லீங்களா..."

அந்த மெஷினைப் பற்றி ஆரம்பித்தால் மனுஷனை நிறுத்த முடியாது. பெத்த பிள்ளையைப் பற்றிக்கூட அவ்வளவு பேசியதில்லை. தென்னை நாரை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் கை மொத்தத்துக்குக் கயிறு முறுக்கேறி வரும். அவரே யோசித்து, அவரே வரைந்து, அவர் பட்டறையிலேயே செய்தது.

மோட்டார் வேகமாகச் சுற்றும், கயிறு மெதுவாகத்தான் முறுக வேண்டும். அதற்காக நடுவில் ஒரு கியர் பெட்டி. முதல் ஜோடி கியர் கொஞ்சம் வேகம் குறைக்கும், இரண்டாவது ஜோடி மீதியைக் குறைக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஷாஃப்ட். வில்லங்கம் எல்லாம் அந்த நடு ஷாஃப்ட்டில்தான்.

ஆனைமலைப் பக்கம் பெண்கள் நடத்தும் கயிறு சங்கம் ஒன்று மெஷினை வெள்ளோட்டத்துக்கு வாங்கிப் போட்டிருந்தது. முதலில் அதில் இருந்தது நேர்ப்பல் கியர். ஓட்டினால் கல் உடைக்கிற சத்தம். சங்கத் தலைவி மயிலாத்தா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தானுங்க இருக்கு. ஆனா நாளெல்லாம் ஊமையாட்ட உக்காந்திருக்க முடியுங்களா? பக்கத்துல இருக்கறவகிட்ட ஒரு வார்த்த பேசோணுமில்லீங்களா?"

நியாயந்தானே. தெய்வசிகாமணி நேர்ப்பல்லைக் கழற்றிவிட்டுச் சாய்ந்த பல் போட்டார், ஹெலிகல். சத்தம் அப்படியே அடங்கிப் போனது. பெண்கள் கை தட்டினார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போனவர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைத் தடவிக்கொண்டார் என்று கேள்வி.

மறு வாரமே நடு ஷாஃப்ட்டின் ஓரத்துப் பேரிங் கொதித்து, மூடியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வேறு எஃகில் கியர் மாற்றினார். அதுவும் அப்படியே.

"வெள்ளிக்கிழம கடைசி. ஓடலீன்னா வெளியூரு மெஷின் ஒண்ணு வருதாம். எம்பட ஊருல, எம்பட கண்ணு முன்னால! அதையும் பாத்துட்டு நான் உசுரோட இருக்கோணுமா?"

"பெட்டியக் கொண்டாந்தீங்களா?"

"வண்டியில கெடக்குது."

பெட்டியை இறக்கித் திறந்தார்கள். கிருத்திகா ஒவ்வொரு பல்லையும் விரலால் தடவினாள்.

"பல்லு ஒடஞ்சுதா?"

"இல்லீங்க."

"கீறல்?"

"இல்லீங்க."

"தேய்மானம்?"

தெய்வசிகாமணி தலையைச் சொறிந்தார்.

"புத்தம்புதுசாட்ட இருக்குது. எஃகு மேல எதுக்குங்கண்ணா பழி போடறீங்க?"



பெட்டியிலிருந்து வெளியே போகும் ஷாஃப்ட்டை அவள் கயிறு போட்டு அசையாமல் கட்டினாள். நடு ஷாஃப்ட்டின் ஓரத்து மூடியைக் கழற்றினாள்.

"உள்ளங்கைய இங்க வைங்க."

வைத்தார்.

மோட்டார் பக்கத்து ஷாஃப்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி அவள் அழுத்தினாள். நடு ஷாஃப்ட் பக்கவாட்டில் நகர்ந்து அவர் கையைப் பின்னுக்குத் தள்ளியது. தெய்வசிகாமணி தோளைக் கொடுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"அட, எருமையாட்டத் தள்ளுதுங்க!"

"எது தள்ளுது?"

"சாஞ்ச பல்லுங்க. அது சாஞ்சு நிக்கறதால பக்கத்துல தள்ளும். அது எனக்குந் தெரியும். தெரிஞ்சுதான், நடு ஷாஃப்ட்டுல இருக்கற ரெண்டு கியருக்கும் எதிரெதிர்ச் சாய்வு வெச்சேன். ஒண்ணு வலது, ஒண்ணு இடது. ஒண்ண ஒண்ணு அடக்கிப்போடும்னு மண்டைய ஒடச்சுக் கண்டுபிடிச்சதுங்க."

சொல்லும்போது அந்தச் சங்கடத்திலும் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு.

கிருத்திகா நடு ஷாஃப்ட்டைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொண்டு முதல் ஜோடியை மட்டும் அழுத்தினாள்.

"எந்தப் பக்கம் தள்ளுது?"

"எம்பட பக்கம்."

நடு ஷாஃப்ட்டிலேயே ஸ்பேனரை மாட்டி இரண்டாவது ஜோடியை மட்டும் அழுத்தினாள்.

"இப்ப?"

தெய்வசிகாமணியின் பூரிப்பு இறங்கிவிட்டது.

"இதுவும் எம்பட பக்கந்தானுங்க தள்ளுது. அதெப்பிடி? எதிரெதிராத்தான வெச்சேன்?"

"வெச்சீங்க."

"அப்ப அடங்கோணுமில்லீங்களா?"

கிருத்திகா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வயசில் இவ்வளவு மூத்தவன், வாயைத் திறந்து கேட்கிறேன், ஒரு வார்த்தை சொன்னால் என்ன முத்தா உதிர்ந்துவிடும்?

அவள் திரும்பி வந்தபோது கையில் டீ டம்ளர் இருந்தது.

"அம்மிணி, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாளே இல்ல. வெளையாட்டு வேண்டாம். எது சரின்னு சொல்லீருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"டீ ஆறுது."

வாங்கினார். கோபத்தில் ஒரே மடக்காகக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

அவள் டம்ளரை வாங்கிக்கொள்ளவில்லை.

"எந்தக் கையில வாங்குனீங்க?"

"இதென்னுங்க கேள்வி? சோத்தாங்கையில."

"இப்ப எந்தக் கையில திருப்பிக் குடுக்கறீங்க?"

"அதே கையிலதான். வேற எந்தக் கை..."

பேச்சு அந்தரத்தில் நின்றது.

நீட்டிய கையை மெல்ல மடக்கித் தன் நெஞ்சுப் பக்கம் கொண்டுவந்தார். வாங்குவது. மறுபடி நீட்டினார். கொடுப்பது. மடக்கினார், நீட்டினார். தெருவில் போன யாராவது பார்த்திருந்தால், பெரியவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள்.

பிறகு பெட்டிக்குள் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"அட மடப்பயலே!" என்றார். அது அவருக்கு அவரே சொல்லிக்கொண்டது.

"என்னுங்கண்ணா?"

"நடு ஷாஃப்ட்டுல மொதக் கியரு மோட்டார்கிட்ட வாங்குதுங்க. ரெண்டாவது கயித்துக்குக் குடுக்குது. வாங்கறதும் குடுக்கறதும் ஏற்கெனவே எதிரெதிருதான! அதுக்கு மேல சாய்வையும் எதிரா வெச்சு, ரெண்டையும் ஒரே பக்கம் தள்ள உட்டுட்டேன். ஒரே சாய்வா வெச்சிருந்தா, அதுகளே ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும். மிச்சம் மீதியப் பேரிங்கு தாங்கிக்காதா?"

"எந்தச் சாய்வு வெட்டட்டும்?"

"ரெண்டும் வலது. ரெண்டாவது ஜோடிய மட்டும் புதுசா வெட்டுனாப் போதும்."

"சாய்வு எவ்வளவு?"

"இப்ப இருக்கற அளவே. கொறச்சாச் சத்தம் வரும்."

"எஃகு?"

"மொதல்ல போட்ட அதே எஃகு. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

அவள் சபாஷ் சொல்லவில்லை. மெஷினில் ஓடிக்கொண்டிருந்த வேலையை நிறுத்தி, கழற்றி, ஓரமாக வைத்தாள். எத்தனை பெரிய கம்பெனிக்காரன் வந்து நின்றாலும் கிருத்திகா வரிசையை மாற்றியதில்லை. தெய்வசிகாமணி அதைப் பார்த்தார். சபாஷ் யாருக்கு வேண்டும்? அந்த இடத்திலேயே அவருக்கு உடம்பு ஒரு சுற்று பெருத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் சங்கத்தில் கயிறு ஓட ஆரம்பித்தது. மத்தியானமும் ஓடியது. தெய்வசிகாமணி பேரிங் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி அத்தனை தடவை. வெதுவெதுப்போடு சரி. இருந்த இடத்தைவிட்டு மூடி இம்மி நகரவில்லை.

சாயங்காலம் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பட்டறையைவிட்டு எங்கேயும் போகாத கிருத்திகா வந்திருந்தாள்.

மயிலாத்தா முறுகி வந்த கயிற்றைக் கையில் பிடித்து இழுத்துப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"இதுவே நிக்கட்டுமுங்க. வெளியூர்க்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிப்போடறோம். நம்மூரு மெஷின் இருக்கறப்ப எவனுது எதுக்கு?"

பிறகு கிருத்திகாவிடம் திரும்பினார்.

"கியரு நீங்க பண்ணுனதுங்களா அம்மிணி?"

"வெட்டுனதுதானுங்க நானு. எப்பிடி வெட்டோணும்னு சொன்னது இவரு. நானாயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்."

இருபது பேர் இருக்கும் இடத்தில் தனி ஆளாகப் பேசுகிறவர் தெய்வசிகாமணி. அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

மெஷின் முழுப் பாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அடுத்தவளிடம் தலையைச் சாய்த்தாள்.

"அழுவறாருடி."

"மெல்லப் பேசுடி, அவருக்குக் கேக்குது."