தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

குன்றையூர் நகராட்சியில் பேருந்து நிலையத்தைப் பெருக்கி வந்தவர் தவசியார். வேலை முடிந்ததும் குளித்து, நீறு பூசி, ஊர்நடுவே நிற்கும் குன்றில் ஏறி முருகன் கோயில் படிகளையும் பெருக்குவார். "சம்பளம் தர்ற குப்பை போதாதுன்னு சம்பளமில்லாத குப்பை வேறயா?" என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுத் துடைப்பத்தோடு கிளம்பிவிடுவார். பெண்டாட்டி, பிள்ளை என்று யாருமில்லாத மனிதருக்கு எல்லாமே முருகன்தான்.

பேருந்து நிலையத்து நடைமேடையில் செவந்தி என்றொருத்தி கைக்குழந்தையோடு படுத்துக் கிடப்பாள். பழைய காகிதம் பொறுக்கிப் பிழைத்தவள். முன்பு பெற்ற இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்கட்டும் என்று முருகனுக்கே விற்றுவிடத் துணிந்தாள். நம் பக்கத்து வழக்கம்தான் அது. பிள்ளையைச் சாமியிடம் கொடுத்துவிட்டு, தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்புறம் அது சாமி பிள்ளை. எமன் கிட்டே வரமாட்டான். தவசியார் விடுமுறையில் படி பெருக்கிக்கொண்டிருந்த ஒரு நாள் காலை அவள் குன்றேறியபோது பூசாரி சாப்பிடப் போயிருந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தவள், தவசியாரையே சாமி பக்கம் நிற்கச் சொல்லிப் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான், தவிடு கொண்டுவர மறந்தது நினைவுக்கு வந்தது.

"இதோ வாங்கியாந்துடுறேன், அண்ணே" என்று இறங்கியவள் பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை.

பிள்ளை பாலுக்கு அழுதது. தவசியார் அடிவாரத்துக் கடைகளிலெல்லாம் விசாரித்தார். "உன் தலையில கட்டிட்டுப் போயிட்டாய்யா" என்று சிரித்தார்கள். ஒளித்துவைக்கத் தெரியாத மனிதர் அவர். பிள்ளையை நேரே நகராட்சிக் குழந்தைகள் காப்பகத்துக்குத் தூக்கிப்போய், பொறுப்பாளர் மரகதவல்லி அம்மையாரிடம் நடந்ததைச் சொன்னார். அம்மையார் நல்லவர்தான். விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனம் மரத்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

"பாலுக்கு நாங்க பார்த்துக்கறோம். நாளைக்கு மதியம் தலைநகரத்து இல்லத்துக்கு அனுப்பிடுவோம். அவ வரமாட்டா, தவசி."

"தவிடு வாங்கத்தான் போயிருக்கும்மா, வந்துரும். பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிட்டா, எழுதப் படிக்கத் தெரியாத பொண்ணு எங்கே போய்த் தேடும்?"

அம்மையார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் நடை திறந்ததும் தவசியார் சன்னிதியில் போய் நின்றார். "முருகா, வாங்கினவன் நீ. உனக்காகக் கை நீட்டினவன் நான். என்னை ஏமாளின்னு ஊர் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். அந்தத் தாயை ஏமாத்துக்காரின்னு சொல்ல விடாதேய்யா" என்று அழுதார். அழுது முடித்ததும் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினார்.

மதியம் காப்பகத்து வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மையார் பிள்ளையோடு வெளியே வந்தபோது, வெறுங்காலோடு ஓர் இளைஞர் வழிமறித்தார்.

"வண்டியை அனுப்பாதீங்க. இந்தப் பிள்ளையை வாங்கினவன் நான். இதோட ஆத்தா பெரியாஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கு."

"பிள்ளையை வாங்கினியா? விலைக்கா?" அம்மையாருக்கு ரத்தம் கொதித்தது. "பிடிங்க அவனை! போலீசுக்குப் போன் போடுங்க!"

இளைஞர் சிரித்தார். "சந்தேகமா இருந்தா தவசிகிட்ட கேளுங்க. அவரு நம்ம ஆளு."

காவலாளி ஓடிவருவதற்குள் ஆளைக் காணோம். அம்மையார் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அங்கே செவந்தி கிடந்தாள். அடிவாரத்தில் தவிடு கிடைக்காமல் ஊர்க்கோடி அரிசி ஆலைவரை நடந்து, திரும்பும் வழியில் மயங்கி விழுந்தவளை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். தலைமாட்டில் தவிட்டுப் பை. பிள்ளையின் குரல் கேட்டதும் கண் திறந்தாள். அம்மையார் பிள்ளையை அவள் பக்கத்தில் கிடத்தினார். தாய் தேறும்வரை பிள்ளை காப்பகத்திலேயே இருக்கும், அப்புறம் இருவருக்கும் இருக்க இடமும் தருவோம் என்று அவர் வாக்குக் கொடுத்தார்.

அங்கிருந்து நேரே பேருந்து நிலையத்துக்குப் போய்த் தவசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"யாருங்க ஐயா அவர்? நான் போலீசை வேற கூப்பிட்டுட்டேன்."

தவசியார் துடைப்பத்தைக் கீழே வைத்தார். "என்னைப் பத்தி என்னம்மா சொன்னார்?"

"நம்ம ஆளுன்னார்."

"இன்னொரு தரம் சொல்லுங்கம்மா."

"தவசி நம்ம ஆளுன்னார், ஐயா."

பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டிருக்க, தவசியார் நிலையத்தின் நடுவே நின்று குழந்தைபோல் அழுதார். முருகனுக்கு ஆளானவர் அவர். அந்தத் தவசியாருக்கு ஆளாக நமக்கும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.