பின்பக்கத்துச் செவிடு

நாகர்கோவிலில் கணினி விளையாட்டில் நீர்மூழ்கிக் கப்பல் ஓட்டும் குழு ஒன்று இருந்தது. அதன் குரு பெனிட்டா. பகலில் பல் மருத்துவர். அவளுடைய புதிய சீடர் தாணுமூர்த்தி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எட்டாம் வகுப்பில் அவளுக்குப் பூகோளம் நடத்தியவர். பழைய மாணவியிடம் பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. சந்தேகங்கள்தான் நிறைய இருந்தன.

சனிக்கிழமை கொல்லத்து அணியோடு போட்டி. அதில் தண்ணீருக்குள் வரும் சத்தத்தைக் கேட்டறியும் சோனார் கருவி முன்னால் யார் உட்காருவது என்று இன்று முடிவாக வேண்டும். தாணுமூர்த்திக்கு அந்த இடத்தின் மேல் ஆசை. ஆனால் பயிற்சி ஆட்டம் ஒவ்வொன்றிலும் அவரைப் பின்னாலிருந்து வந்தே மூழ்கடித்திருந்தார்கள்.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க, சார்.”

“கடலுக்குள்ள கண்ணு உதவாது. சோனார்தான் காது. அந்தக் காதைக் கொண்டுபோய் மூக்குல வச்சிட்டு, பின்பக்கத்தைச் செவிடா விட்டிருக்கான். இந்த விளையாட்டைச் செஞ்சவனுக்கு அறிவு வேண்டாமா?”

“நிஜக் கப்பல்லயும் மூக்கு சோனார் அப்படித்தான், சார்.”

“அப்போ அதைக் கட்டினவனையும் சேர்த்துத்தான் கேக்கேன்.”

பெனிட்டா வாதாடவில்லை. பயிற்சி ஆட்டத்தின் அமைப்புகளைத் திறந்து ஒரு பொத்தானை மாற்றினாள்.

“இப்போ பின்னாலயும் கேக்கும். ஓட்டுங்க.”

தாணுமூர்த்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். உடனே முகம் மலர்ந்தது.

“ஒருத்தன் வாறான்! நேர் பின்னால!”

“அப்படியா?”

வேகத்தைக் கூட்டினார். சத்தமும் கூடியது. இடப்பக்கம் வளைந்தார், வலப்பக்கம் வளைந்தார். எப்படி வளைந்தாலும் சத்தம் நேர் பின்னாலேயே இருந்தது.

“அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு வாறான், டீச்சர். சுடட்டுமா?”

“உங்க கப்பல், உங்க டார்ப்பிடோ.”

சுட்டார். சத்தத்தைத் தேடிப் போய் வெடிக்கும் டார்ப்பிடோ குண்டு அது. முன்பக்கத்திலிருந்து கிளம்பி, அரைவட்டம் அடித்து, அவர் காட்டிய திசைக்கே வந்தது. அங்கே அவருடைய புரொப்பெல்லர் சுழன்றுகொண்டிருந்தது. திரை சிவந்து அணைந்தது.

“எவன் சுட்டான்?”

“கடல்ல வேற கப்பலே நான் விடல, சார்.”



தாணுமூர்த்தி அணைந்த திரையைப் பார்த்தபடி கேட்டார். “அப்போ பின்னால கேக்கது எதிரியா, நானேதானான்னு எப்படித் தெரியும்?”

பெனிட்டா பொத்தானைப் பழையபடி வைத்தாள். பக்கத்துக் கணினியில் போய் உட்கார்ந்தாள்.

“இப்போ நான் வாறேன். நான் சுடுறதுக்குள்ள என்னைக் கண்டுபிடிச்சா சனிக்கிழமை சோனார் உங்களுக்கு. இல்லன்னா நம்ம குழுவுல இருக்க ரெனால்டுக்கு.”

கப்பல் கிளம்பியது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நேற்றைய தாணுமூர்த்தி இந்த அமைதியை நம்பி நிம்மதியாகப் போயிருப்பார். இன்றைக்கு எஞ்சினை நிறுத்தினார்.

“என்ன சார், டீசல் தீந்துட்டா?”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. மிச்சமிருந்த வேகத்திலேயே கப்பலின் மூக்கைத் திருப்பினார். இதுவரை பின்னால் கிடந்த கடல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தது. அதோடு மெல்லிய அரவம் ஒன்றும் வந்தது.

விரல் டார்ப்பிடோ பொத்தானுக்குப் போனது. தயங்கியது. எஞ்சின் வேகம் காட்டும் முள்ளைப் பார்த்தார். பூஜ்யத்தில் இருந்தது.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“எஞ்சின் நின்னுட்டு. ஆனாலும் கேக்கு.”

பெனிட்டா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

“அப்போ அது நீங்க இல்ல, சார்.”