கடைசி முப்பது பேர்

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிறவர்களும் இந்தப் புதிரைத் தாராளமாகப் படிக்கலாம். எண்கள் கொஞ்சம்தான். ஆனால் ஒன்றையும் தாண்டிப் போய்விடாதீர்கள். இதில் வருகிற பெரிய படிப்புப் படித்த மூன்று பேர் அப்படித் தாண்டிப் போனதால்தான் இவ்வளவு வம்பும்.

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. பி.எஸ்சி. கணிதத்தில் அறுபது இடம். நுழைவுத் தேர்வு மதிப்பெண் வரிசைப்படி அறுபது பேரைச் சேர்த்தார்கள். பட்டியலின் நடுவில் ஒரு கோடு போட்டு, கீழே இருந்த முப்பது பேருக்கு மட்டும் தினமும் காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை தனி வகுப்பு வைத்தார்கள். எடுத்தவர் எமரன்சியா என்ற உதவிப் பேராசிரியை. பள்ளிக்கூடப் பாடத்திலிருந்தே தொடங்கி அலுக்காமல் சொல்லிக்கொடுப்பவர்.

அந்த முப்பதில் இருபத்து நான்கு பேர் விடுதியில் தங்கியவர்கள். குளித்தும் குளிக்காமலும் ஓடி வந்து வகுப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். மீதி ஆறு பேர் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள். அந்தப் பக்கத்துக்குக் காலையில் ஒரே பஸ். அது கல்லூரி வாசலில் வந்து நிற்கும்போது மணி ஒன்பது. கோட்டுக்கு மேலே இருந்தவர்களிலும் ஐந்து பேர் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள்.

வருடக் கடைசியில் கணிதத் தாளின் மதிப்பெண் வந்தது. கோட்டுக்கு மேலே இருந்த முப்பது பேரின் சராசரி அறுபத்தெட்டு. அவர்களில் பஸ்ஸில் வந்த ஐந்து பேரை மட்டும் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதேதான். கோட்டுக்குக் கீழே, விடுதிப் பிள்ளைகள் இருபத்து நான்கு பேருக்கு அறுபத்தாறு. பஸ்ஸில் வந்த ஆறு பேருக்கு முப்பத்தெட்டு. தேற வேண்டுமானால் நாற்பது வேண்டும்.

முதல்வர் நல்லசிவம் தம் அறையில் கூட்டம் போட்டார். முதலில் பேசியவர் புள்ளியியல் பேராசிரியர் சதக்கத்துல்லா.

"அந்த ஆறு பேர விதிவிலக்குன்னு ஒதுக்கி வச்சிட்டுப் பாருங்க சார். அறுபத்தெட்டு, அறுபத்தாறு. இதுல என்ன பெரிய வித்தியாசம்? நுழைவுத் தேர்வு மார்க்குக்கும் இங்க வாங்குற மார்க்குக்கும் சம்பந்தமே இல்ல. அத வச்சு முப்பது பிள்ளைங்களுக்கு மட்டம்னு முத்திரை குத்துறது பாவம். தனி வகுப்ப நிறுத்திருவோம்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பிள்ளைகள் மனம் நோகக் கூடாது என்று நிஜமாகவே நினைக்கிற மனிதர் அவர்.

முதல்வர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "நான் அந்த ஆறு பேரத்தான் பாக்கேன். என்ட்ரன்ஸ் சொன்ன மாதிரியே விழுந்திருக்காங்க. மத்தவங்க மேடம் புண்ணியத்துல தப்பிச்சாங்க. வருசா வருசம் மேடத்தையே நம்பிக்கிட்டு இருக்க முடியுமா? அடுத்த வருசத்துலேருந்து இத்தன மார்க்குக்குக் கீழ இருந்தா சீட் கிடையாதுன்னு சொல்லிருவோம்."

எமரன்சியா குறுக்கிட்டார். "மார்க் பொய் சொல்லல சார். உள்ள வரும்போது எங்க நிக்காங்கன்னு சரியாத்தான் சொல்லுது. எங்க போய்ச் சேருவாங்கன்னு அதுக்குத் தெரியாது. சீட்டும் குடுங்க, வகுப்பும் இருக்கட்டும்."

"அப்ப அந்த ஆறு பேரு?"

"வகுப்புக்கே வரல சார். முதல் வாரத்துலயே சொல்லிப் பாத்துட்டு விட்டுட்டேன். அக்கறை இல்ல."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இசக்கிப்பிரியா. அந்த ஆறு பேரில் ஒருத்தி. கையில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிய விண்ணப்பம்.

"ஏம்மா, ஒரே வருசத்துல ஓடுத?" என்றார் முதல்வர்.

"எனக்குக் கணக்கு வராது சார். என்ட்ரன்ஸ் மார்க்கப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்கணும். நாந்தான் ஆசப்பட்டுச் சேந்துட்டேன்."

பதினெட்டு வயதுப் பெண் ஒரு மதிப்பெண்ணை ஜாதகம்போல நம்பிவிட்டாள். முதல்வர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அவர் போடுவதற்குள் நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் சொன்னது சரி? இசக்கிப்பிரியாவுக்குக் கணக்கு வருமா, வராதா?

விடை: காய்ச்சல் நூற்றிரண்டு என்று காட்டியது, மருந்து கொடுத்தோம், இறங்கிவிட்டது. உடனே தெர்மாமீட்டர் பழுது என்கிறார் சதக்கத்துல்லா. காய்ச்சல்காரனை வாசலோடு அனுப்பிவிடலாம் என்கிறார் முதல்வர். பஸ் பயணம்தான் கெடுத்தது என்றால், அதில் வந்த மேல்வரிசை ஐந்து பேரும் விழுந்திருக்க வேண்டும். குறைந்த நுழைவு மதிப்பெண்தான் விதி என்றால், விடுதிப் பிள்ளைகள் எழுந்திருக்கக் கூடாது. குறைந்த மதிப்பெண்ணோடு வந்து, தனி வகுப்பும் கிடைக்காமல் போனவர்கள்தான் விழுந்தார்கள். ஆறே பேரை வைத்து உலகத்துக்கு விதி எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இந்த அறையில் எமரன்சியா சொன்னதுதான் சரி. அவருக்கும் பாதி மார்க்தான் போடுவேன். ஏன் வரவில்லை என்று ஒரு வருடமாக அவர் கேட்கவே இல்லை. நல்லவேளை, அன்று கேட்டார். "பஸ்ஸே ஒம்பது மணிக்குத்தான மிஸ் வரும்" என்றாள் இசக்கிப்பிரியா. முதல்வர் பேனாவை மூடினார். தனி வகுப்பு மாலை மூன்றரைக்கு மாறியது. சீட்டில் யாரும் கைவைக்கவில்லை. நவம்பரில் மறுபடி எழுதி ஐம்பத்தொன்பது வாங்கித் தேறினாள் அந்தப் பெண். இப்போது இரண்டாம் வருடம். சந்தேகம் கேட்டுக் கேட்டே வகுப்பை முடிக்க விடமாட்டேன் என்கிறாள் என்று சதக்கத்துல்லா எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே புகார் சொல்லிவருகிறார்.