கிருமியின் எழுத்துப் பிழை

ஒரு துறைமுக ஊரின் சுகாதார ஆய்வகத்தில் ஒரு கணினி இருந்தது. கடிதம் அடிப்பதைத் தவிர வேறு வேலையை அது பார்த்ததே இல்லை.

அந்த ஊரில் காலரா பரவியது. முதலில் மீனவர் குப்பம். பிறகு ஊரின் மறுகோடியில் மில் காலனி. இரண்டுக்கும் குடிநீர் வேறு என்பதால், நோயும் வேறு வேறு என்று எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு தொட்டியிலும் குளோரின் போட்டும் நோய் அடங்கவில்லை. குப்பத்தில் ஒரு குழந்தை இறந்துபோனது.

ஆய்வகக் குப்பியிலிருந்த காலராக் கிருமி கணினியைப் பார்த்துச் சிரித்தது. "என் பூர்வீகம் முழுக்க என் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. லட்சக்கணக்கான எழுத்து. யார் படிப்பது?"

"என்னால் முடியும். எப்படிப் படிப்பது என்றுதான் யாரும் சொல்லித் தரவில்லை," என்றது கணினி.

"அப்படியானால் நீயும் என் கட்சிதான்."

கணினிக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாள் நுண்ணுயிரியல் மருத்துவர் பிலோமினா அதன் முன் வந்து உட்கார்ந்தார். இரண்டு இடத்துக் கிருமிகளின் மரபணு எழுத்துகளும் தலைநகர ஆய்வகத்திலிருந்து வந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அங்கே ஆளில்லை.

"எனக்கும் இது புதுசுதான். சேர்ந்தே கத்துக்குவோம்," என்றார்.

அவர் கட்டளையிட்டார். "புரியவில்லை," என்றது கணினி. திருத்தினார். "இன்னும் புரியவில்லை." பாடம் பார்த்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, மறுபடியும் திருத்தினார். வாரக்கணக்கில் இப்படியே போனது. ஒரு காலையில் கணினி, "இப்போது புரிகிறது," என்றது.

எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. "இவை ஒரு தாய் மக்கள். தன்னைப் பிரதியெடுக்கும்போது கிருமி செய்த ஓரிரு பிழைகள்தான் வித்தியாசம்."

சுகாதார அலுவலர் சங்கரபாண்டியனைப் பிலோமினா அழைத்தார். "ரெண்டு இடத்துக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு போகுது சார்."

அவர் யோசித்தார். "குப்பத்துக்கு ஐஸ் போகுது. மீனுக்கு. பிள்ளைங்க அதையே எடுத்துச் சப்பும்." சட்டென நிமிர்ந்தார். "காலனி சர்பத் கடைகளுக்கும் அதே ஐஸ்தாம்மா."

ஐஸ் ஆலையின் கிணற்று நீரில் அதே கிருமி இருந்தது. ஆலையை மூடினார்கள். காலரா வார்டின் கடைசி நோயாளி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"ஒரு ஊர் போனால் என்ன? பக்கத்து ஊருக்குப் போவேன்," என்றது கிருமி.

"தாராளமாகப் போ," என்றது கணினி. "அந்த ஊர் ஆய்வகத்துக்காரர்கள் இப்போது பிலோமினாவிடம்தான் படித்துக்கொண்டிருக்கிறார்கள்."