படிக்காத ஒன்று

நாகர்கோவிலில் ஜெசிந்தா என்பவள் வீட்டில் திரை உடைந்த மடிக்கணினி ஒன்று இருந்தது. முகம் போய்விட்டதே தவிர உள்ளுக்குள் எல்லாம் திடமாகத்தான் இருந்தது. தூக்கிப் போட மனசில்லாமல் அவள் அதை அலமாரி மேல் உட்கார வைத்து ஒரு வேலை கொடுத்தாள். அவளுக்குப் பிடித்த நாற்பது இணையப் பக்கங்களுக்கும் மணிக்கொரு தரம் போய், "புதுசா ஏதாவது எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டு வாங்கி வர வேண்டும். வந்ததை ஃபோனும், டேப் என்ற கைக்கணினியும் அவளுக்குக் காட்டும். எதில் படித்தாலும் "படிச்சாச்சு" என்று மடிக்கணினிக்குச் சேதி போகும். அது மற்றதுக்கும் சொல்லிவிடும். படித்தது, வந்து இரண்டு மாதம் ஆனதும் அழிந்துவிடும். படிக்காதது அப்படியே கிடக்கும்.

அப்படி ஒரே ஒரு பதிவு ஆறு மாசமாகக் கிடந்தது. எழுதியவள் மைதிலி. ஜெசிந்தாவோடு நான்கு வருஷம் ஒரே அறையில் இருந்து, ஏதோ ஒரு வாய்த் தகராறில் பேச்சை விட்டவள். "என் பேர்லயும் தப்பு இருக்கு. படிக்கிறவளுக்குத் தெரியும்" என்று முடித்து, கீழே தன் புது மின்னஞ்சல் முகவரியைப் போட்டிருந்தாள்.

"அண்ணே, இது அநியாயம்," என்றது ஃபோன், மடிக்கணினியிடம். "பஸ்ல போறப்ப அக்கா என்கிட்டதான் முழுசா படிச்சாங்க. கண்ணைக்கூடத் துடைச்சுக்கிட்டாங்க. இறங்குறப்ப 'படிக்கல'ன்னு மாத்திட்டாங்க. என் நெத்தியில 'படிக்காதது 1'ன்னு ஒட்டிக்கிட்டே நிக்குது."

"என்கிட்டயும் இதே கதைதான், ஏழு தடவை," என்றது டேப். "நாங்க ரெண்டு பேரும் சாட்சி. படிச்சதுன்னு போட்டுடுங்க. கெடு எப்பவோ தாண்டியாச்சு, இன்னைக்கே போயிடும்."

மடிக்கணினிக்கும் சபலம்தான். சுமந்து சுமந்து அலுத்துப் போயிருந்தது. ஆனால் பத்து நாளாக மைதிலியின் பக்கத்தில் போய்க் கேட்டால் 'அப்படி ஒரு பக்கமே இல்லை' என்றுதான் பதில் வந்தது. இங்கே அழிந்தால் எங்கேயும் இல்லை.

"அக்கா படிக்கலைன்னுதானே சொல்றாங்க?" என்றது.

"அது பொய்யண்ணே," என்றது ஃபோன்.

"பொய்யாவே இருக்கட்டும். நான் வச்சுக்க வேண்டியது அக்கா சொன்னதை. நீங்க பார்த்ததை இல்லை."

சாட்சிகள் இரண்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டன. பாவம், நியாயம் அவற்றின் பக்கமும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்த ஜெசிந்தா, டேப்பை எடுத்து அதில் எட்டாவது தடவையாக அந்தப் பதிவைப் படித்தாள். அன்றைக்கு என்னவோ, மைதிலியின் பக்கத்தையே போய்ப் பார்க்கத் தோன்றியது. போனால் அது இல்லை. அவசரமாகத் திரும்பி வந்து பதிவின் கடைசி வரியைத் தேடினாள். முகவரி இருந்தது.

டீ ஆறிப்போகும்வரை எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு அனுப்பிவிட்டாள்.

அடுத்த நிமிஷம் மடிக்கணினிக்குச் சேதி வந்தது: படிச்சாச்சு.

"இதைத்தானே அண்ணே நாங்க ஆறு மாசமா சொன்னோம்," என்றது ஃபோன்.

"ஆறு மாசமா படிச்சுக்கிட்டு இருந்தாங்க," என்றது மடிக்கணினி. "இன்னைக்குத்தான் முடிச்சாங்க."