நொய் தின்னாத எறும்புகள்

அம்பலவாணருக்குத் தாகம் எடுத்துக்கொண்டே இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தால், செம்பு காய்வதற்குள் தொண்டை மறுபடி வறண்டுவிடும்.

அது பவானி ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஆசிரமம். உமையம்மை என்ற துறவிதான் அங்கே குரு. எல்லாரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்பலவாணர் அவரைவிட வயதில் மூத்தவர். மனைவி இறந்த பிறகு தறிப்பட்டறை வேலையை விட்டுவிட்டு வந்து சீடராகச் சேர்ந்தவர்.

அங்கே அவருக்கு இரண்டு வேலை. விடிந்ததும் அம்மா அறை வாசலில் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க வேண்டும். அப்புறம் வில்வ மரத்தடியில் எறும்புகளுக்கு அரிசி நொய் தூவ வேண்டும். எறும்பு வாய் வைத்த பிறகுதான் அங்கே மனிதர்கள் சாப்பிடுவார்கள். ஆசிரமம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

வெந்நீர் எதற்கு என்று அவர் கேட்டதில்லை. ஏதோ யோக முறை என்று நினைத்துக்கொண்டார். வருகிறவர்களிடமும் அப்படியே சொன்னார்.

வருகிற குருபூஜையில் அவருக்குக் காவி கொடுப்பதாக அம்மா சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அவர் ஜபத்தைக் கூட்டினார். உடம்பு மெலிந்தது. வேட்டி இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. இரவில் அடிக்கடி ஒன்றுக்கு வந்து எழுப்பியது. எழுந்தவர் அப்படியே ஜபத்துக்கு உட்கார்ந்துவிடுவார். கோசாலை வேலியில் எப்போதோ குதிகாலைக் கிழித்துக்கொண்டார். அந்தப் புண் ஆறவில்லை, ஆனால் வலிக்கவும் இல்லை.

வலிகூடத் தெரியவில்லையே, தவம் முற்றுகிறது என்று ஊர்க்காரர்கள் அவரைக் கும்பிட்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

சமையல் செய்கிற பாவாயி மட்டும் கும்பிடவில்லை. "சாமி குடிக்கிற குடிக்கு, ஆத்துல மீனெல்லாம் தவிச்சுப் போயிருமுங்க" என்றாள்.

ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்தார். எல்லார் விரலிலும் ஊசியால் குத்திச் சர்க்கரை பார்த்தார். அம்பலவாணருக்கு முந்நூறுக்கு மேல் காட்டியது.

சர்க்கரைப் பொங்கல் பிரசாதம் சாப்பிட்டேன், அதனால்தான் என்றார் அவர். நர்ஸ் அதற்குச் சிரிக்கவில்லை. தாகம் உண்டா, அடிக்கடி போகிறீர்களா, மெலிந்தீர்களா, புண் ஏதாவது ஆறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்பலவாணர் எல்லாவற்றுக்கும் தலையைப் பொதுவாக ஆட்டி வைத்தார். இதெல்லாம் சேர்ந்து இருந்தால் சும்மா விடக் கூடாது, வருகிற வாரம் வருவேன், வெறும் வயிற்றோடு இருங்கள் என்று சொல்லிவிட்டு நர்ஸ் போனார்.

வெறும் வயிறு என்றால் அன்று காலை மட்டும்தான். அம்பலவாணர் அதற்கு முன்னாலேயே வாயைக் கட்டிவிட்டார். விரதம் என்று சொல்லிப் பச்சைத் தண்ணீரிலேயே கிடந்தார். நர்ஸ் வந்து பார்த்தபோது எண் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இதுவும் கூடுதல்தான், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று மாதச் சராசரி பார்க்கிற டெஸ்ட் எடுத்துவிடுங்கள் என்றார் நர்ஸ். சர்க்கரை இறங்கிவிட்டது என்பது மட்டும்தான் அம்பலவாணர் காதில் விழுந்தது. அம்மாவிடமும் அதை மட்டும்தான் சொன்னார்.

அன்றிரவு பசி தீர உண்டார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அம்மா வில்வ மரத்தடிக்கு வந்தார். நொய் தூவிவிட்டு அம்பலவாணர் கைகட்டி நின்றிருந்தார். நெடுநாளாக மனதில் வைத்திருந்ததை அப்போது கேட்டார்.

"அம்மா, என் தவம் பலிச்சிருச்சுங்களா?"

"எறும்பு சாப்பிட்டுச்சுங்களா?" என்று கேட்டார் அம்மா.

அவர் குனிந்து பார்த்தார். நொய் போட்டபடியே கிடந்தது. ஒரு எறும்புகூட இல்லை.

"இன்னும் வரலைங்கம்மா."

பாவாயி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கஞ்சி ஆறிக் களியாகப் போகிறது, எறும்புக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"வாங்க, எங்க போச்சுன்னு பாப்போம்" என்றார் அம்மா.

மரத்துக்குப் பின்னால் புற்று இருந்தது. அங்கிருந்து ஒரு வரிசை கிளம்பி வேறு பக்கம் போனது. அம்மா முன்னால் நடந்தார். அம்பலவாணர் பின்னால் போனார். வரிசை கிணற்றடியைச் சுற்றிக் கோசாலைக்குப் பின்புறம் திரும்பியது. அவர் நடை தளர்ந்தது.

முருங்கை மரத்தடியில் வரிசை முடிந்தது. ஈரம் காய்ந்த மண்ணில் எறும்புகள் கறுப்பாக மொய்த்துக் கிடந்தன.



"ராத்திரியில ஒன்னுக்கு நாந்தானுங்கம்மா இங்க..." என்று சொல்லி அவர் தலை குனிந்தார்.

அம்மா மண்ணைப் பார்க்கவில்லை. அம்பலவாணரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடிக்குதுங்களா?"

"எதுங்கம்மா?"

அவர் குதிகாலில் புண்ணைச் சுற்றி எறும்புகள் ஏறியிருந்தன. சில, புண்ணுக்குள்ளேயே தலையை விட்டிருந்தன. அவர் நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா கீழே உட்கார்ந்தார். ஒவ்வொரு எறும்பாக விரலால் தட்டிவிட்டார். அம்பலவாணர் காலை இழுத்தார்.

"என் காலை நீங்க தொடக் கூடாதுங்கம்மா."

"அசையாம நில்லுங்க."

கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துப் புண்ணைக் கழுவினார். கொடியில் துவைத்துக் காயப்போட்டிருந்த தன் காவித் துணியில் ஓரமாகக் கிழித்து, குழந்தைக்குக் கட்டுவதுபோல இறுக்காமல் கட்டினார். புண்ணில் பட்ட தண்ணீரின் குளிர்ச்சிகூட அவருக்குத் தெரியவில்லை. அது தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நர்ஸ் சொன்ன டெஸ்டையும் மறைக்காமல் சொன்னார்.

"நர்ஸம்மா வர்ற நாள் எனக்கு முன்னாடியே தெரியுமுங்கம்மா. அதான் வயித்தைக் காயப்போட்டேன்."

"எறும்பு வர்ற நாளு உங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார் அம்மா.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியாதிக்காரன் என்று தெரிந்தால் திருப்பூரில் மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்களோ என்று பயந்ததாகச் சொன்னார். மகள் இருப்பது ஒரே அறை. அதில் இரண்டு குழந்தைகள். நான் போய்ப் படுத்தால் அவள் எங்கே படுப்பாள் என்றார்.

அம்மா எழுந்து, பாவாயியைக் கூப்பிட்டு அம்பலவாணருக்கு ஒரு ஜோடி செருப்பு எடுத்து வரச் சொன்னார். அடுத்த பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும் சொன்னார்.

அம்பலவாணர் எழுந்திருக்கவில்லை.

"மாத்திரை குடுத்தாங்கன்னா, காலம் பூரா போடச் சொல்லுவாங்களேம்மா?"

"சொல்லலாம்."

"மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கறவன் காவி கட்டலாமுங்களா?"



"தினமும் விடிஞ்சதும் எனக்கு வெந்நீர் வெக்கறீங்களே. அது எதுக்குன்னு நெனச்சீங்க?"

"யோகத்துக்குங்கம்மா."

அம்மா இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப் பையைத் திறந்தார். பாதி தீர்ந்துபோன ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"தைராய்டுக்கு. காவி கட்டறதுக்கு முன்னாலேர்ந்து போட்டுட்டு இருக்கேன்."

அம்பலவாணர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலியான குழிகளை விரலால் தடவினார்.

அம்மா கை நீட்டி அவரை எழுப்பினார்.

"உங்களுக்கு என்னன்னு டாக்டர் பாத்துச் சொல்லட்டும். நாளையிலேர்ந்து வெந்நீரை மட்டும் ரெண்டு டம்ளரா வைங்க."