முதுகே தொட்டில்

காட்டோரக் குளம் ஒன்றில் முங்கான், வள்ளை என்று ஒரு முக்குளிப்பான் ஜோடி வாழ்ந்து வந்தது. முக்குளிப்பான் சின்ன நீர்ப்பறவை. இங்கே முங்கினால் எங்கேயோ தள்ளி எழும். அதன் கால்கள் உடம்பின் கடைசியில் ஒட்டியிருக்கும். நீந்துவதற்கு அதைப்போல வசதி கிடையாது. ஆனால் கரையேறிவிட்டால் நடக்க வராது. வயிற்றால் தவழ வேண்டியதுதான்.

அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து குளம் தளும்பியது. வள்ளைக்கு முட்டையிடும் காலம். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து கூடு கட்டின. அழுகிய பாசியையும் கோரைத் தண்டையும் அள்ளிக் குவித்து, அது அடித்துக்கொண்டு போகாதபடி நாணல்களோடு பிணைத்தன. பார்ப்பதற்கு மிதக்கும் குப்பை போலத்தான் இருந்தது. அதன்மேல் வள்ளை நான்கு முட்டைகள் இட்டது.

அந்தச் சமயத்தில்தான் பங்களா மைனா குளத்துக்கு வந்தது. காட்டு பங்களாவின் ஓட்டுக்கூரையில் பிறந்து வளர்ந்த பறவை அது. யாரைப் பார்த்தாலும், "எங்கள் பங்களாவில்..." என்றுதான் பேச்சைத் தொடங்கும்.

கூட்டைப் பார்த்ததும் மைனா அலறியது. "ஐயய்யோ! என்ன நாற்றம்! வள்ளை, இந்தக் குப்பையிலா பிள்ளை பெறப் போகிறாய்?"

"ஆமாம் அக்கா! கொஞ்சம் காலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுவென்று இருக்கும். பாசி அழுக அழுகச் சூடு கொடுக்கும்."

"சூடு வேண்டுமானால் பஞ்சு போடேன்! எங்கள் பங்களாவில் குழந்தைக்கு இலவம்பஞ்சு மெத்தை. வெள்ளைவெளேரென்று இருக்கும்!"

"நல்லதுதான் அக்கா. ஆனால் அந்தக் குழந்தை தண்ணீரில் மிதக்க வேண்டியதில்லையே!"

வள்ளை இரை தேடக் கிளம்பும்போது ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அதற்கும் மைனா மூக்கைச் சுளித்தது.

"பெற்ற முட்டைமேல் குப்பையைக் கொட்டுகிறாயே!"

"பருந்தும் இதைக் குப்பை என்று நினைத்துக்கொண்டு போகட்டும் அக்கா!" என்று சொல்லிவிட்டு வள்ளை தண்ணீருக்குள் முங்கியது.

வள்ளைக்கு இந்தப் பேச்செல்லாம் உறைக்கவில்லை. முங்கானுக்குத்தான் உறைத்தது. ஒரு மாலையில் அது மெல்ல ஆரம்பித்தது.

"வள்ளை, மைனா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பக்கத்தில் நீந்தும் நாமக்கோழிகள்கூட நம் கூட்டைப் பார்த்துச் சிரிக்கின்றன."

"சிரிக்கட்டுமே! அவை சிரித்தால் நம் முட்டை உடைந்துவிடுமா?"

ஆனால் முங்கானுக்கு மனசு ஆறவில்லை.

முட்டைகள் பொரிந்தன. உடம்பெல்லாம் கோடு போட்ட நான்கு குஞ்சுகள்! ஈரம் உலர்வதற்குள் அம்மாவின் முதுகில் ஏறி, இறக்கைக்குள் புகுந்துகொண்டு, தலையை மட்டும் வெளியே நீட்டின. வள்ளை தன் மார்பிலிருந்து மெல்லிய இறகு ஒன்றைப் பிடுங்கி, தண்ணீரில் நனைத்து, மூத்த குஞ்சின் வாயில் வைத்தது.

மைனாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. "இறகையா ஊட்டுகிறாய்! எந்தத் தாயாவது இப்படிச் செய்வாளா?"

"மீன் முள் வயிற்றைக் குத்தாமல் இருக்கத்தான் அக்கா. முள்ளெல்லாம் இறகில் சுற்றிக்கொள்ளும். பிறகு குஞ்சு அதை உருண்டையாகத் துப்பிவிடும். என் அம்மா எனக்கு ஊட்டினாள். இதோ, உங்கள் முன்னால் உயிரோடு இருக்கிறேன்!"

"சரி, எப்போதும் முதுகிலேயே சுமந்தால் பிள்ளை எப்படி நீந்தக் கற்கும்? செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்!"

"களைத்தால் ஏறும், களைப்புத் தீர்ந்தால் இறங்கும். நான் கட்டியா வைத்திருக்கிறேன்?"

மைனா முங்கானைத் தேடிப் போனது.

"உன் பெண்டாட்டி பிடிவாதக்காரி. நீயாவது விவரம் உள்ளவன். உன் பிள்ளைகள் நாகரிகமாக வளர வேண்டாமா?"

"வேண்டும்தான்... ஆனால் வள்ளை ஒத்துக்கொள்ளாதே!"

"ஒரு பொழுது செய்து காட்டு. பார்த்தால் அவளே ஒத்துக்கொள்வாள்!"

குளத்துக்குள் பட்டுப்போன மரம் ஒன்றின் அடிக்கட்டை நின்றது. அதன் ஒரு பக்கம் தண்ணீருக்குள் சரிந்திருந்தது. பங்களாவில் வெயிலில் காயப் போட்டிருந்த கிழிந்த மெத்தையிலிருந்து மைனா பஞ்சைக் கொத்திக் கொத்திக் கொண்டு வந்தது. நூலும் பஞ்சுமாகக் கட்டையின் உச்சியில் ஒரு மெத்தை தயாராகிவிட்டது. பழுப்பும் பச்சையுமான குளத்தில் அது மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலையில் பெற்றோர் இருவரும் ஆளுக்கு இரண்டு குஞ்சுகளை ஏற்றிக்கொண்டு இரை தேடக் கிளம்பின. வள்ளை குளத்தின் மறுகோடிக்குப் போனது. அது கண்ணில் படாத தூரம் போனதும் முங்கான் நேராகக் கட்டைக்கு வந்து, மூத்ததையும் கடைக்குட்டியையும் இறக்கிவிட்டது. குஞ்சுகள் சரிவில் தொற்றித் தொற்றி ஏறிப் பஞ்சில் உட்கார்ந்தன.

மைனா ரொட்டித் துண்டுகளைக் கொண்டு வந்து வைத்தது. "சாப்பிடுங்கள்! எங்கள் பங்களா ரொட்டி! முள் இல்லை, செதில் இல்லை!"

மூத்தது முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கடைக்குட்டி மட்டும் விழுங்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் குரல் கம்மியது.

"அப்பா, வயிறு கனக்குது. தண்ணியில் இறங்கட்டுமா?"

"கூடாது! ஈரம் பட்டால் சளி பிடிக்கும்!" என்றது மைனா.

"அப்பா, குளிருது. உன் முதுகுக்கு வரட்டுமா?"

முங்கானின் முதுகு சிலிர்த்தது. ஒரு கணம் தயங்கியது. அதற்குள் நாமக்கோழிகள் கூட்டமாக நீந்தி வந்தன. "அடடா! இது யார் வீட்டுப் பிள்ளைகள்! மெத்தை எவ்வளவு அழகு!" என்று வியந்தன. முங்கானுக்குப் பெருமை தாங்கவில்லை. "கொஞ்சம் பொறு கண்ணு, மாமா எல்லாரும் பார்க்கிறார்கள்!" என்றது.

மாமாக்கள் மட்டுமா பார்த்தார்கள்? வானத்தில் வட்டமிட்ட பருந்தும் பார்த்தது! "இத்தனை நாள் இந்தக் குளத்தில் ஒரு குஞ்சுகூடக் கண்ணில் பட்டதில்லை. இன்றைக்கு யாரோ வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்திருக்கிறார்களே!" என்று சிரித்துக்கொண்டே இறக்கையை மடக்கியது.

"பருந்து! பருந்து!" நாமக்கோழிகள் சிதறி ஓடின.

மறுகோடியில் வள்ளையின் மேல் அந்த நிழல் ஓடியது. "பிடித்துக்கொள்ளுங்கள்!" என்று அது சொன்னதுதான் தாமதம். முதுகிலிருந்த இரண்டு குஞ்சுகளும் இறக்கைக்குள் பதுங்கின. வள்ளை பிள்ளைகளோடு முங்கியது. நாணலுக்குள் எழுந்து பார்த்தபோதுதான் தூரத்துக் கட்டையும், அதன்மேல் இருந்த வெள்ளைப் பஞ்சும் கண்ணில் பட்டன.

"குதியுங்கள்! தண்ணீரில் குதியுங்கள்!" என்று கத்தியது.

மூத்தது அம்மா குரலைக் கேட்டதும் குதித்துவிட்டது. கடைக்குட்டியும் குதிக்கப் பார்த்தது. முடியவில்லை. பஞ்சோடு வந்த நூல் அதன் காலைச் சுற்றியிருந்தது! இழுக்க இழுக்க இறுகியது.

"அப்பா! அப்பா!"

முங்கான் யோசிக்கவில்லை. நடக்க வராத கால்களோடு சரிவில் பாய்ந்து, வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து மேலே ஏறியது. குஞ்சின்மேல் கவிழ்ந்து படுத்து, அலகால் நூலைக் கடித்து இழுத்தது. பருந்தின் நகம் அதன் முதுகைக் கீறியது. ஒரு கொத்து இறகு பறந்தது. முங்கான் அசையவில்லை.

பருந்து மறுபடி திரும்பியது. அப்போது, "திருடா! திருடா!" என்று ஒரு குரல் கிளம்பியது. பங்களா மைனா! பயத்தில் உடம்பெல்லாம் நடுங்க, பருந்தின் முகத்துக்கு நேராகப் பறந்து தலையில் ஒரு கொத்துக் கொத்தியது. பருந்து விலகி ஒரு வட்டம் போட்டது. அந்த இடைவெளியில் நூல் அறுந்தது. முங்கான் கடைக்குட்டியை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டு உருண்டு, பொத்தென்று தண்ணீரில் விழுந்து மறைந்தது. பருந்தின் காலில் பஞ்சுதான் சிக்கியது.

குளம் அடங்கியது. நீந்தி வந்த வள்ளை, மூத்ததையும் முதுகில் ஏற்றிக்கொண்டு, தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு குமிழிகூட வரவில்லை. முதுகிலிருந்த குஞ்சுகள், "அப்பா எங்கே?" என்று கேட்டன.

தாமரை இலை ஒன்று மெல்ல உயர்ந்தது. அதன் அடியில் முங்கான்! இறக்கைக்குள் கடைக்குட்டி!

முங்கான் தலை குனிந்தது. "வள்ளை... என்னைத் திட்டு."

"திட்ட இப்போது நேரம் இல்லை. பிள்ளையை என் முதுகில் ஏற்றுங்கள்!"

கடைக்குட்டியின் உடம்பு சில்லிட்டிருந்தது. வயிறு கல்போல உப்பியிருந்தது. தலை நிற்காமல் சாய்ந்தது.

"பிழைக்குமா?" என்று கேட்டது முங்கான்.

"பிழைக்கும். என் பிள்ளை பிழைக்கும்! முதலில் சூடு வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்!"

வள்ளை மிதக்கும் கூட்டில் ஏறி, வெதுவெதுப்பான பாசியின்மேல் உட்கார்ந்தது. கடைக்குட்டியை இறக்கைக்குள் வைத்து மூடிக்கொண்டது. அன்றைக்கு இரை தேடப் போகவில்லை. மற்றக் குஞ்சுகளுக்கு முங்கான்தான் ஓடி ஓடி இரை கொண்டு வந்தது. இடையிடையே தன் மார்பிலிருந்து மெல்லிய இறகாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தது. வள்ளை அதை நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்குட்டிக்கு ஊட்டியது.

பொழுது விடிந்தது. கடைக்குட்டி இருமியது. மறுபடி இருமியது. இறகும் ஊறிய ரொட்டியுமாக ஒரு பெரிய உருண்டை வெளியே வந்து விழுந்தது.

"அம்மா, பசிக்குது!"

வள்ளை சிரித்தது. முங்கானோ கட்டையில் நடந்ததையெல்லாம் சொல்லிச் சத்தம் போட்டு அழுதது. "பேச்சைக் கேட்டுப் பிள்ளையைப் பலி கொடுக்கப் பார்த்தேனே!" என்று புலம்பியது.

"கேட்டது தப்பில்லை. பிள்ளையும்தான் பேசியது. குளிருது, கனக்குதுன்னு சொன்னதே! அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்" என்றது வள்ளை.

கொஞ்ச நேரத்தில் மைனா வந்தது. கூட்டுக்கு வராமல் நாணலிலேயே உட்கார்ந்தது.

"வள்ளை, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பங்களாக் குழந்தை ஒருநாளும் மெத்தையில் தூங்கியதில்லை. படுக்க வைத்ததும் வீலென்று அழும். அதன் அம்மா பழைய சேலையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நடப்பாள். அப்போதுதான் கண்ணை மூடும். நான் மெத்தையைத்தான் பார்த்தேன். அந்தத் தோளைப் பார்க்கவில்லை."

"பரவாயில்லை அக்கா. என் பிள்ளைக்காகப் பருந்தையே கொத்தினீர்களே! ஒரு உதவி செய்வீர்களா?"

"என்ன வேண்டும்? பஞ்சு மட்டும் கேட்காதே!"

"நான் முங்கும்போது எனக்கு வானம் தெரியாது. உங்களுக்குக் கண் கூர்மை, குரல் கணீர். நாணல்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

மைனா சந்தோஷமாக ஒத்துக்கொண்டது. அன்றிலிருந்து பருந்து தலை காட்டுமுன் மைனாவின் குரல் குளத்தை எழுப்பிவிடும். குஞ்சுகள் அம்மா முதுகுக்கோ அப்பா முதுகுக்கோ ஓடிவிடும். நாள் போகப் போக, அவை முதுகுக்கு ஓடுவதை விட்டுவிட்டுத் தாமாகவே முங்கத் தொடங்கின. ஒருநாள் கடைக்குட்டி நெடுநேரம் முங்கியிருந்து, வெள்ளி போல மின்னும் மீனோடு எழுந்தது. யாரிடமும் கேட்காமல் தானே விழுங்கியது. முங்கானும் வள்ளையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

குழந்தை நன்றாக வளரப் பகட்டான பொருள்கள் தேவையில்லை. பெற்றவரின் உடற்சூடும், எளிய உணவும், அதன் குரலைக் கேட்கும் காதும் இருந்தால் போதும்.